நம் அணி ஆடுகிறது, நாம் காண்பதெங்கே?

கேள்வி: எங்கள் கடற்கரைக் கிராமங்களில் கால்பந்துதான் எல்லாம். பக்கத்து ஊரான இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் இந்திய அணிக்கே ஆடியவர். ஆனால் நம் அணி வெளிநாடு சென்று ஆடும் ஆட்டங்கள் பல வேளைகளில் எந்தச் சானலிலும் வருவதில்லை. கைப்பேசிச் செயலியில் பணம் கட்டித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. உள்ளூர் ஆட்டம் வந்தாலும், எதிர்ப்பக்க ஓரத்தில் பந்து யார் காலில் இருக்கிறதென்றே தெரிவதில்லை. நாட்டு அணியின் ஆட்டத்தை எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்று சட்டம் இல்லையா?
– ஒரு வாசகர், தூத்தூர்

பதில்: சட்டம் இருக்கிறது, தாங்கள் சொல்லும் குறையை அது தீண்டுவதில்லை என்பதே வருத்தத்துக்குரிய விஷயம். தேசிய முக்கியத்துவம் உடையதென்று மத்திய சர்க்கார் அறிவித்த ஒரு போட்டியின் ஒளிபரப்பு உரிமையை எந்த நிறுவனம் விலைக்கு வாங்கியிருக்கிறதோ, அந்த நிறுவனம் அதன் நேரடி ஒளிபரப்பைப் பொது ஒளிபரப்பு நிறுவனமாகிய பிரசார் பாரதியோடு பகிர்ந்துகொண்டே ஆக வேண்டும் என்று 2007-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. இந்திய ஆண்கள் கிரிக்கெட் அணி எந்த நாட்டில் ஆடினாலும், அதன் ஒருநாள் ஆட்டங்களும் இருபது ஓவர் ஆட்டங்களும் அந்த அறிவிப்பில் அடங்கிவிடுகின்றன. கால்பந்து அணியின் எல்லா ஆட்டங்களையும் அவ்வாறு ஒருங்கே அரவணைக்கும் அறிவிப்பு இல்லை. அதைவிடப் பெரிய இடைவெளி மற்றொன்று உண்டு: உரிமையை வாங்கியவனைத்தான் சட்டம் பகிரச் சொல்கிறது, வாங்குவாரே இல்லாதபோது பகிர்வதற்கு எதுவும் இல்லை.

வாங்குவார் ஏன் இல்லை என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கால்பந்து உலகின் பொதுவான வழக்கப்படி, ஓர் ஆட்டத்தின் ஒளிபரப்பு உரிமை அதைத் தன் மண்ணில் நடத்தும் நாட்டின் சங்கத்துக்கே உரியது. நட்பு ஆட்டங்களிலும், ஆசியத் தகுதிச் சுற்றுகளின் முற்பகுதியிலும் பெரும்பாலும் இதுவே நடைமுறை. ஆகவே நம் அணி அந்நிய நகரம் ஒன்றில் ஆடும்போது, இந்தியாவில் அதைக் காட்டும் உரிமையை அந்த நாட்டுச் சங்கமோ, அதனிடமிருந்து மொத்தமாக வாங்கிய தரகு நிறுவனமோ விற்கிறது. ஓர் ஆட்டத்துக்காகத் தனியே பேரம் பேசும் பிரயாசையை இங்குள்ள சானல்கள் மேற்கொள்வதில்லை. கிரிக்கெட்டில் ஒவ்வோர் ஓவருக்கும் இடையில் விளம்பரத்துக்கு இடம் கிடைக்கிறது. கால்பந்திலோ நாற்பத்தைந்து நிமிஷம் பந்து ஓயாமல் ஓடுகிறது, இடைவேளை ஒன்றே விளம்பரத்துக்குரிய காலம். இந்த வியாபாரக் கணக்கின் முடிவில் ஆட்டம் செயலிக்குப் போகிறது, அல்லது எங்குமே போகாமல் நின்றுவிடுகிறது.

இந்த அவதி நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. 2009 அக்டோபர் 10-ஆம் தேதி உக்ரைனின் தினீப்ரோ நகரில் இங்கிலாந்து அணி ஆடிய உலகக் கோப்பைத் தகுதி ஆட்டத்தை, உரிமை வைத்திருந்த செட்டான்டா நிறுவனம் பிரிட்டனில் சில மாதங்களுக்கு முன் திவாலானபடியால், கால்பந்தைத் தன் பிறவிச் சொத்தாகக் கருதும் அந்த நாட்டு ஜனங்கள் பெரும்பாலும் இணையத்தில் பணம் கட்டியே நேரலையில் பார்க்க வேண்டியதாயிற்று. அதே தினத்தில் ஹோண்டுராஸ் மண்ணில் அமெரிக்க அணி 3–2 என்று வென்று உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அந்த வெற்றியை அமெரிக்கர் தங்கள் வீட்டில் அமர்ந்து காண முடியவில்லை, தனி இணைப்புப் பெற்ற மதுக்கடைகளிலும் உணவகங்களிலும் கூடி நின்றே கண்டார்கள். ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமாகிய யூஈஎஃப்ஏ இத்தகைய அவதியைத் தவிர்க்கும் ஒரு மார்க்கம் கண்டது. 2014 முதல் தகுதி ஆட்டங்களின் உரிமைகளை ஒவ்வொரு நாடும் தனித்தனியே விற்பதை நிறுத்தி, எல்லாவற்றையும் தானே திரட்டி விற்கலாயிற்று. அதனால் ஒரு நாட்டின் சானல், தன் அணியின் சொந்த மண் ஆட்டத்தையும் அயல் மண் ஆட்டத்தையும் ஒரே ஒப்பந்தத்தில் பெற வழி பிறந்தது. ஆசியாவிலும் எல்லாச் சுற்றுகளுக்கும் இத்தகைய ஏற்பாடு வர வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

படத்தின் தரத்தைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பிரதான கேமரா மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேராக, போதிய உயரத்தில் நிற்க வேண்டும்; பார்வையாளர் மாடம் தாழ்வாக இருந்து கேமராவும் தாழ்ந்துவிட்டால், எதிர் ஓரத்து ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக மறைந்து, பந்தும் அவர்களோடு மறைந்துவிடும். இரண்டு பெனால்டி எல்லைகளுக்கும் நேராகத் தனித்தனிக் கேமரா இல்லையென்றால் ஆஃப்சைடு தீர்ப்பு சரியா தவறா என்று யாராலும் சொல்ல இயலாது. செலவைக் குறைக்கும் தயாரிப்பில் முதலில் கைவிடப்படுபவை இவையே. ஆட்டம் நடந்துகொண்டிருக்கையிலேயே மறுகாட்சிக்குத் தாவி, அதற்குள் எழுந்த கோல் வாய்ப்பைத் தவறவிடுவதோ பணக் குறையால் நேர்வதன்று, பயிற்சிக் குறையால் நேர்வது. அதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

1962-இல் ஜகார்த்தாவில், விரோதமாக ஆர்ப்பரித்த பெருங்கூட்டத்தின் நடுவே, சையத் அப்துல் ரஹீம் பயிற்றுவித்த நம் அணி பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் அடித்த கோல்களால் தென் கொரியாவை வென்று ஆசிய விளையாட்டுத் தங்கத்தைக் கொணர்ந்தபோது, அதை நேரலையில் காணும் சாதனம் நம் ஜனங்களுக்கு இல்லை. டில்லியில் 1959-இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கிய தொலைக்காட்சி அப்போது அந்த நகரைத் தாண்டியிருக்கவில்லை. இன்று சாதனம் வீடுதோறும் இருக்கிறது. பார்க்க ஆளில்லை என்று சானல்கள் சொல்லும் சமாதானத்தையும் நான் ஏற்கவில்லை. 2018 ஜூன் மாதத் தொடக்கத்தில் மும்பையில் சீன தைபே அணியை நம்மவர் 5–0 என்று வென்றதைக் காண வந்தவர்கள் 2,569 பேர்தான். ஆனால் அப்போதைய அணித் தலைவர் சுனில் சேத்ரி ஒரு காணொளியில் மனமுருக அழைத்தவுடன், சில தினங்களில் நடந்த கென்யா ஆட்டத்துக்கு அரங்கம் நிரம்பி வழிந்தது. அபிமானம் இருக்கிறது, ஆட்டம் எப்போது, எங்கே என்று அதற்குத் தெரிவிப்பவர் இல்லை.

வானலைகள் பொதுச் சொத்து என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த நியாயத்தைக் கொண்டு இரண்டு கோரிக்கைகளை எழுப்பலாம்: ஆண்கள் அணியும் மகளிர் அணியும் ஆடும் சர்வதேசக் கால்பந்து ஆட்டங்கள் அனைத்தையும் 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் அறிவிப்பில் சேர்த்தல், அயல் மண்ணில் ஆட ஒப்புக்கொள்ளும்போதே, இந்தியாவுக்கான ஒளிபரப்பு உரிமையையும் ஒப்பந்தத்தில் கேட்டுப் பெறும்படி அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தைப் பணித்தல். பின்னதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை, சம்மேளனம் மனம் வைத்தால் போதும். தங்கள் பகுதிக் கால்பந்து மன்றங்கள் ஒன்றுகூடி, இந்த இரண்டையும் எழுதிக் கையொப்பமிட்டு, தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும் சம்மேளனத்துக்கும் தங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் அனுப்புமாறு வேண்டிக்கொள்கிறேன்.