சின்னச் சொல், பெரிய பொருள்



நம் அறக்கட்டளைக்கு வரும் கல்வி உதவி மனுக்களைப் பிள்ளைகள் தாங்களே ஆங்கிலத்தில் எழுத முயல்கிறார்கள், மாஷா அல்லாஹ். அவர்கள் இடறுவது பெரிய சொற்களில் அல்ல. 'இன், ஆன், அட், ஹி, ஷி' போன்ற சின்னச் சொற்களில்தான். மனுவோ வேலை விண்ணப்பமோ, சின்னச் சொல் மாறினால் பொருளே மாறிவிடும். ஆகவே இந்த இதழில் அதைப் பார்ப்போம்.

தமிழில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டும்: வீட்டில், வீட்டுக்கு. ஆங்கிலத்தில் அது தனிச் சொல்லாக முன்னே வரும். மதரஸாவில் ஓதிய பிள்ளைகளுக்கு இந்த வரிசை புதிதல்ல. 'ஃபில் பைத்' என்றால் வீட்டில், 'மினல் மஸ்ஜித்' என்றால் பள்ளிவாசலிலிருந்து, 'இலல் பைத்' என்றால் வீட்டுக்கு. அரபியில் ஃபீ, மின், இலா நிற்கும் இடத்தில் ஆங்கிலத்தில் இன், ஃப்ரம், டு நிற்கின்றன.

'இல்' ஒன்று, ஆங்கிலத்தில் மூன்று

உள்ளே என்றால் 'இன்': இன் தி ரூம். மேற்பரப்பில் என்றால் 'ஆன்': ஆன் தி டேபிள். குறிப்பிட்ட ஓர் இடம் என்றால் 'அட்': அட் தி பஸ் ஸ்டாப். காலத்துக்கும் இப்படியே. மாதம், ஆண்டுக்கு 'இன்', கிழமை, தேதிக்கு 'ஆன்', மணிக்கு 'அட்'. இன் ரமலான், ஆன் ஃப்ரைடே, அட் ஃபைவ் ஓ கிளாக்.

எவ்வளவு காலம், எப்போதிருந்து

'மூன்று வருடமாக' என்பதைப் பலர் 'சின்ஸ் த்ரீ இயர்ஸ்' என்று எழுதுகிறார்கள். கால அளவுக்கு 'ஃபார்', தொடங்கிய காலத்துக்கு 'சின்ஸ்'. ஐ ஹேவ் வொர்க்டு ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ். ஐ ஹேவ் வொர்க்டு ஹியர் சின்ஸ் 2020.

கடைசித் தேதி

இதில்தான் உண்மையான இழப்பு வருகிறது. 'அப்ளை பை ஃப்ரைடே' என்றால் வெள்ளிக்கிழமையும் சேரும். 'அப்ளை பிஃபோர் ஃப்ரைடே' என்றால் வியாழனோடு முடிந்தது. வெள்ளியன்று ஜும்ஆ முடித்துப் போனால் வாய்ப்பு இருக்காது. 'ஓப்பன் டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளி வரை தொடர்ந்து திறந்திருக்கும் என்று பொருள்.

தேவையற்ற இடம்

'டிஸ்கஸ் அபவுட் தி ஃபீஸ்' வேண்டாம். 'டிஸ்கஸ் தி ஃபீஸ்' போதும். 'மேரீட் வித்' அல்ல, 'மேரீட் டு'.

அவர் யார்?

உம்மாவையும் வாப்பாவையும் நாம் 'அவர்' என்றே மரியாதையாகச் சொல்கிறோம். ஆங்கிலம் அரபியைப் போல ஆண், பெண் பிரித்துக் கேட்கும். அங்கே ஹுவ, ஹிய. இங்கே ஹி, ஷி. 'மை மதர் இஸ் எ விடோ. ஹி இஸ் எ டெய்லர்' என்று எழுதினால், தையல் வருமானம் தாயுடையதா, வீட்டிலுள்ள வேறு ஆணுடையதா என்று படிப்பவர் குழம்புவார். உதவி கிடைப்பதே அந்த விவரத்தைப் பொறுத்திருக்கலாம். 'ஷி' என்றே எழுத வேண்டும். மரியாதைக்காக 'தே' என்றும் எழுதக் கூடாது. படிப்பவர் பலர் என்று எண்ணிவிடுவார்.

'ஹிஸ்', 'ஹெர்' இரண்டும் உரியவரைப் பார்த்து வரும். வாப்பாவின் மகளை 'ஹிஸ் டாட்டர்' என்கிறோம். உம்மாவின் மகனை 'ஹெர் சன்' என்கிறோம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். மஃரிபுக்குப் பின் தினமும் ஐந்து வாக்கியங்களைப் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். 'இதில் உள்ளேயா, மேலேயா? அளவா, தொடக்கமா? ஆணா, பெண்ணா?' என்று கேளுங்கள். இப்படிக் கேட்க உங்களுக்கு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மனுவை அனுப்பும் முன் சின்னச் சொற்களை மட்டும் கோடிட்டு ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள்.

நம் பிள்ளைகளுக்கு அல்லாஹ் பயனுள்ள கல்வியை அருள்வானாக, ஆமீன்.