வீட்டுக் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறதா?



2017 ஜூலை 1ந் தேதி ஜி.எஸ்.டி. வந்ததிலிருந்து, சிட்டையும் பேரேடுமாக இருந்த நம் கணக்கு கம்ப்யூட்டருக்குள் குடியேறிவிட்டது. பெரிய மண்டிகளில் அதற்கென்று தனி ஆள், தனி மேஜை உண்டு. பென்னாகரத்திலோ பாப்பிரெட்டிப்பட்டியிலோ மளிகைக் கடை நடத்துபவருக்கு அது கட்டுப்படியாகாது. பிள்ளைகள் படிப்புக்கு வாங்கிய வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் இரவு கடை சாத்திய பிறகு கணக்கு ஏறுகிறது. பல வீடுகளில் அது, 2011 செப்டம்பர் 15ந் தேதி தமிழக அரசு தொடங்கிய இலவசத் திட்டத்தில் மகனோ மகளோ பள்ளியில் வாங்கிவந்த மடிக்கணினி. பிள்ளை ஓசூருக்கோ பெங்களூருக்கோ வேலைக்குப் போய்விட்டது. மடிக்கணினி அப்பாவுக்குக் கணக்கெழுதிக்கொண்டிருக்கிறது.

"சுவிட்சைப் போட்டுட்டு டீ குடிச்சிட்டு வந்தாலும் திறக்க மாட்டேங்குதுங்க" என்பதுதான் சரக்கெடுக்க வருபவர்கள் என்னிடம் சொல்லும் குறை. கம்ப்யூட்டர் விற்பவரிடம் கேட்டால், பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள் என்பார். அவர் தொழில் அது, தவறு சொல்ல முடியாது. ஆனால் மளிகையில் கிடைக்கும் லாபத்தில் புதுக் கம்ப்யூட்டருக்குப் பணம் எடுத்து வைக்க எத்தனை மூட்டை சரக்கு நகர வேண்டும் என்று நமக்குத் தெரியும். வாங்குமுன் காரணத்தைப் பார்த்துவிட வேண்டும்.

கம்ப்யூட்டரை ஒரு மண்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் பிராசசர், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை. ரேம் என்பது அவர் முன்னால் உள்ள மேஜை. ஹார்டு டிஸ்க் என்பது பின்னால் இருக்கும் குடோன். மேஜை சிறியதாக இருந்தால், புதிதாக ஒரு நோட்டை விரிக்கும்போதெல்லாம் பழைய நோட்டைக் குடோனில் வைத்துவிட்டு வரவேண்டும். குடோனுக்குப் போய்வரும் ஆள் மெதுவானவராக இருந்தால் கணக்குப்பிள்ளை எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தும் பயனில்லை, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பழைய கம்ப்யூட்டர்களில் பெரும்பாலும் நடப்பது இதுதான். கணக்குப்பிள்ளை மேல் குற்றமில்லை, குடோன் ஆள்தான் தாமதம்.

ஏன் தாமதம்? மடிக்கணினியில் உள்ள சாதாரண ஹார்டு டிஸ்க்கில் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றுகிறது. வினாடிக்கு 90 சுற்று. கிராமபோன் ஊசி போல ஒரு கை நகர்ந்து சரியான வரிக்குப் போய், வேண்டிய இடம் சுற்றி வரும்வரை காத்திருந்து படிக்கவேண்டும். கணக்குப் பார்த்தால் வினாடிக்கு நூறு இடத்தைத் தொடுவதே பெரிது. விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடுகிறது. பிறகு எப்படி விரைவாகத் திறக்கும்?

ஒன்றை முதலில் பிரித்துப் பாருங்கள். இணையத்தைத் துண்டித்துவிட்டுக் கணக்குப் புத்தகத்தைத் திறக்கவும். அப்போதும் இழுத்தால் கம்ப்யூட்டர்தான் காரணம். கணக்கு சுருக்காகத் திறந்து ஜி.எஸ்.டி. தளம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால் லைனோ அந்தத் தளமோ காரணம். 20ந் தேதி கடைசி நாள் என்று 19ந் தேதி இரவு உட்காருபவர்களுக்கு எந்தக் கம்ப்யூட்டரும் உதவாது.

கம்ப்யூட்டர்தான் என்று தெரிந்தால், கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். சிறிய பெட்டியாக வந்தால் 'மோர் டீடெய்ல்ஸ்' என்பதைத் தொடவும். சி.பி.யு., மெமரி, டிஸ்க் என்று வரிசைகள் இருக்கும். எந்த வேலையும் கொடுக்காதபோதே டிஸ்க் வரிசை வெகுநேரம் 100 சதவீதத்தைக் காட்டினால் குடோனில் நெரிசல். மெமரி 90ஐத் தாண்டி நின்றால் மேஜை போதவில்லை. இந்த இரண்டு எண்ணையும் குறித்துக்கொண்டு போனால் ரிப்பேர்க்காரர் நம்மிடம் எதையும் தலையில் கட்ட முடியாது.

செலவில்லாத வைத்தியங்கள் சில உண்டு. அதே டாஸ்க் மேனேஜரில் 'ஸ்டார்ட்டப்' என்ற பக்கத்தில், சுவிட்ச் போட்டவுடன் தாமாக எழுந்து நிற்கும் புரோகிராம்களின் பட்டியல் இருக்கும். பிள்ளைகள் ஏற்றிய பாட்டு, விளையாட்டு, பிரிண்டர் கம்பெனியின் விளம்பரம் ஆகியவற்றை 'டிஸேபிள்' செய்யலாம். ஆன்டிவைரஸைத் தொடவேண்டாம். ஆனால் இரண்டு ஆன்டிவைரஸ் இருந்தால் ஒன்றை நீக்கிவிடுங்கள், ஒரே வாசலில் இரண்டு வாட்ச்மேன் நின்று ஒவ்வொரு மூட்டையையும் இரண்டு தடவை பிரித்துப் பார்த்தால் வியாபாரம் நடக்காது. சி டிரைவில் ஐந்தில் ஒரு பங்கு இடமாவது காலியாக இருக்கட்டும். உங்கள் கம்ப்யூட்டரை வேகப்படுத்துகிறோம் என்று இணையத்தில் தானே வந்து நிற்கும் இலவசப் புரோகிராம்களை மட்டும் ஏற்றாதீர்கள், பாதி மந்தத்துக்கு அவைதான் காரணம்.

பலர் அறியாத செய்தி ஒன்று. விண்டோஸ் 8க்குப் பிறகு வந்தவற்றில் 'ஷட் டவுன்' கொடுத்தால் வழக்கமாகக் கம்ப்யூட்டர் முழுதாக அணைவதில்லை. சீக்கிரம் எழுந்திருப்பதற்காகத் தன் நிலையில் ஒரு பகுதியை எழுதி வைத்துக்கொண்டு படுக்கிறது. தினமும் அணைத்தும் வாரக்கணக்கான குப்பை உள்ளேயே தங்குவது இதனால்தான். வாரம் ஒருமுறை 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். அதுதான் முழுக்குளியல்.

இதற்கும் மசியவில்லை என்றால் பணம் செலவழிக்கலாம். அதற்குமுன் கணக்கைப் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த வியாபாரி ஒருவர், நம் மாவட்டத்துக்காரர்தான், மெதுவாக ஓடுகிறதென்று கம்ப்யூட்டரை ரிப்பேருக்குக் கொடுத்தார். மறுநாள் பளிச்சென்று ஓடியது. உள்ளே கணக்கு இல்லை. 'பார்மட்' போட்டுவிட்டேன், சொல்லவில்லையே நீங்கள் என்றாராம் அந்தப் பையன். பொங்கலுக்கு முன்பு கொடுத்த கடன் சரக்கெல்லாம் அதில்தான் இருந்தது. பழைய பில்லடிகளை வைத்துக்கொண்டு வீட்டார் எல்லோரும் இரண்டு மாதம் உட்கார்ந்தார்கள். நாணயமான வாடிக்கையாளர்கள் தாங்களே வந்து பாக்கியைச் சொன்னார்கள். மற்றவர்கள் சொல்லவில்லை. ஜி.எஸ்.டி. சட்டமும் கணக்குகளை, அந்தந்த வருடத்து ஆண்டு ரிட்டர்ன் கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் பாதுகாக்கச் சொல்கிறது. கம்ப்யூட்டர் கெட்டுப்போயிற்று என்ற பதில் அதிகாரியிடம் செல்லாது.

டேலி போன்ற கணக்குப் புரோகிராம்களில் 'பேக்கப்' என்று தனிக் கட்டளையே இருக்கிறது. இரண்டு பென் டிரைவில் எடுத்து, ஒன்றைக் கடையிலும் ஒன்றை வீட்டு பீரோவிலும் வையுங்கள். எடுத்தது சரிதானா என்று வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து பார்த்த பிறகே பழையதை ரிப்பேர்க்காரர் கையில் கொடுங்கள்.

இனி மாற்றவேண்டிய பொருள். எஸ்.எஸ்.டி. என்பது சுற்றும் தட்டோ ஊசியோ இல்லாத டிஸ்க். மின்னணுச் சில்லுகளிலேயே எல்லாம் பதிந்திருப்பதால், பழைய டிஸ்க் வினாடிக்கு நூறு இடத்தைத் தொட்டால் இது பல ஆயிரம் இடங்களைத் தொடும். குடோனை இடித்துவிட்டு எல்லாச் சரக்கையும் கல்லாவுக்குப் பின்னாலேயே அலமாரியில் அடுக்கியதுபோல. நம் கணக்குக்கு 240 அல்லது 256 ஜி.பி. தாராளம். இதன் விலையும் ரேம் விலையும் வெங்காய விலைபோல ஏறி இறங்குவதால் இரண்டு இடத்தில் விசாரியுங்கள். எப்படிப் பார்த்தாலும் புதுக் கம்ப்யூட்டர் விலையில் சிறு பங்குதான். ஹார்டு டிஸ்க்குக்குச் செய்த 'டிஃப்ராக்' வேலை இதற்கு வேண்டியதில்லை.

ரேம் 2 ஜி.பி. இருந்தால் 4 அல்லது 8 ஆக்கலாம். ஆனால் 32 பிட் விண்டோஸ் ஏற்றியிருந்தால் 4 ஜி.பி.க்கு மேல் போடுவது வீண், அதற்கு எடுத்துக்கொள்ளத் தெரியாது. டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4 என்று வகைகள் வேறு, ஒன்று மற்றொன்றின் இடத்தில் பொருந்தாது. பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குவது உத்தமம். இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால், டிஸ்க் 100 காட்டுபவர்கள் முதலில் எஸ்.எஸ்.டி. போடுங்கள்.

நம் கடைகளுக்கே உரிய ஒரு சங்கதி, தூசி. மிளகாய்த் தூள், கேழ்வரகு மாவு, புளிக் கொட்டைத் தூசு எல்லாம் கம்ப்யூட்டர் விசிறியில் போய் அப்பிக்கொள்கிறது. சூடு ஏறினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் மத்தியானம் மட்டும் மந்தமாகிறது என்பவர்களுக்கு இதுதான் காரணமாக இருக்கும். ஆறு மாதத்துக்கொரு முறை சுத்தம் செய்யச் சொல்லுங்கள். காற்றடிக்கும்போது விசிறி சுழலாதபடி ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். மாவு மூட்டைக்குப் பக்கத்திலிருந்து மேஜையை நகர்த்தினாலே பாதி வேலை முடிந்தது.

எந்தக் கம்ப்யூட்டரையும் காப்பாற்றிவிடலாம் என்று நான் சொல்லவரவில்லை. விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த பாதுகாப்பு 2020 ஜனவரி 14ந் தேதியோடு நின்றது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14ந் தேதி முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்ற 4 ஜி.பி. ரேமுடன், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். பழைய அரசு மடிக்கணினிகள் பலவற்றில் அது இருக்காது. அத்தகைய கம்ப்யூட்டரை எஸ்.எஸ்.டி. போட்டு இணையம் இல்லாமல் கணக்கெழுத மட்டும் வைத்துக்கொள்ளலாம். பாங்க் வேலையையும் ரிட்டர்ன் தாக்கலையும் அதில் செய்யாதீர்கள், ஆடிட்டர் அலுவலகத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

கழற்றிய பழைய ஹார்டு டிஸ்க்கைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வராமல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் உங்கள் வாடிக்கையாளர் பாக்கியும், அவர்கள் போன் நம்பரும், ஒருவேளை உங்கள் பாங்க் பாஸ்வேர்டும் இருக்கும். ஒரு வருடம் பீரோவில் கிடக்கட்டும். புது டிஸ்க்கில் எல்லாம் சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகு சுத்தியலால் நாலு தட்டுத் தட்டிப் பழைய இரும்போடு போடலாம்.