கிரியேட் அடிக்காதீர்கள்!
சர்வர் கேள்வி-பதில்

கேள்வி: 16 டெராபைட் டிஸ்க் 4 வாங்கியிருக்கிறோம். ரெய்டு 5 போட்டால் போதும்தானே?
– ஆய்வகப் பொறுப்பாளர், நாகர்கோவில்

பதில்: போதாது. ஒரு டிஸ்க் போனால், புது டிஸ்க்கை நிரப்ப மற்ற மூன்றையும் தொடக்கம் முதல் கடைசி வரை படித்தாக வேண்டும். வினாடிக்கு 200 மெகாபைட் வேகம் தொடர்ந்து கிடைத்தாலே 22 மணி நேரம் ஆகும். மாணவர்கள் வேலை செய்துகொண்டிருக்கும் சர்வரில் நாள்கணக்கில் இழுக்கும். அதற்குள் இன்னொரு டிஸ்க் மக்கர் செய்தால் எல்லாம் போச்சு. ரெய்டு 6 போடுங்கள். பாதி இடம் வீணாகிறதே என்று அடுத்த கடிதம் எழுத வேண்டாம்.

கேள்வி: கண்ட்ரோலர் கார்டின் பேட்டரி செத்துவிட்டது. எழுதும் வேகம் படுத்துவிட்டது. ஸ்டோர்சிஎல்ஐயில் ‘ஆல்வேஸ் ரைட் பேக்’ போட்டுச் சமாளிக்கலாமா?
– ஒரு வாசகர், திருவனந்தபுரம்

பதில்: கூடாது. பேட்டரி வாங்குங்கள்.

கேள்வி: வித்துராவில் ஆராய்ச்சி மாணவன் நான். எங்கள் லேப் சர்வரில் 6 டிஸ்க். லினக்ஸ் எம்டிஏடிஎம்மில் ரெய்டு 6. போன வாரம் சாயங்கால இடியில் கரண்ட் போய் வந்தது. அதற்குப் பிறகு எம்டி0 எழவில்லை. 3 டிஸ்க்கைக் காணோம். அதே 6 டிஸ்க்கையும் கொடுத்து மறுபடி கிரியேட் போட்டால் பழைய டேட்டா அப்படியே வந்துவிடும் என்கிறார் சீனியர். செய்யட்டுமா ஐயா?

பதில்: தம்பி, கீபோர்டிலிருந்து கையை எடுங்கள்.

பொன்முடி அடிவாரத்தில் இருக்கிறீர்கள். துலாவர்ஷ இடி உங்களுக்குப் புதிதல்ல. ஆனால் 3 டிஸ்க் ஒரே நேரத்தில் சாவது அரிது. ஒரே பவர் கேபிளிலோ ஒரே பேக்பிளேனிலோ இருக்கும் 3 டிஸ்க் ஒன்றாகக் காணாமல் போவது சகஜம். எனவே பயப்படாதீர்கள், உங்கள் டேட்டா பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். இனி அதற்கு ஆபத்து நீங்கள் அடிக்கப்போகும் கமாண்டால்தான்.

கிரியேட் என்பது புது அரே கட்டுவதற்கு. ஒவ்வொரு டிஸ்க்கிலும் உள்ள பழைய சூப்பர்பிளாக்கின் மேல் புதிது எழுதிவிடும். பழைய டேட்டா தெரிய வேண்டுமானால் டிஸ்க்குகளின் வரிசை, சங்க் அளவு, டேட்டா தொடங்கும் இடம் எல்லாம் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும். சங்க் அளவு முன்பு இயல்பாக 64 கிலோபைட். பிறகு 512 ஆனது. டேட்டா தொடங்கும் இடமும் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறியிருக்கிறது. நேற்று எஸ்டிபி என்றிருந்த டிஸ்க் இன்று எஸ்டிடி என்று வரும். ஒன்று பிசகினாலும் ரீசிங்க் ஓடத் தொடங்கி, உங்கள் டேட்டாவின் மேலேயே பாரிட்டியை எழுதிக்கொண்டு போகும். அப்படி எழுதப்பட்டதைத் திருப்பித் தர எந்த மீட்பு நிறுவனத்தாலும் முடியாது. இந்த யோசனையை எவ்வளவு பேர் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்! ஒரு ஆராய்ச்சி மாணவரின் நான்கு வருட உழைப்பு அந்த ஒரு வரியில் போய்விடும்.

செய்ய வேண்டியது இது. கண்ணில் படும் டிஸ்க் ஒவ்வொன்றுக்கும் எக்ஸாமின் கொடுங்கள். வருவதையெல்லாம் வேறு கம்ப்யூட்டரில் சேமியுங்கள். சர்வரை அணைத்து, கேபிள்களைச் சரிபார்த்து, டிஸ்க்குகளின் சீரியல் நம்பர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 6 டிஸ்க்கும் திரும்பி வந்தால் மறுபடி எக்ஸாமின். ஸ்மார்ட்சிடிஎல்லில் ஒவ்வொன்றின் உடல்நிலையையும் பாருங்கள். அரைகுறையாக நிற்கும் எம்டி0வுக்கு ஸ்டாப் கொடுத்துவிட்டு அசெம்பிள் போடுங்கள். எழ மறுத்தால் ‘ஈவென்ட்ஸ்’ எண்ணை ஒப்பிடுங்கள். சில எண்களே வித்தியாசம் என்றால் அசெம்பிளோடு ஃபோர்ஸ் சேர்க்கலாம். ஒரு டிஸ்க் மட்டும் ஆயிரக்கணக்கில் பின்தங்கியிருந்தால், அது எப்போதோ விலகிப்போனது, அதை விட்டுவிடுங்கள். உங்கள் அரே எழ 4 டிஸ்க் போதும். எழுந்ததும் ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்து, முதல் வேலையாக டேட்டாவை வெளியே காப்பி எடுங்கள்.

எக்ஸாமின் படிக்கும்; கிரியேட் எழுதும். படிக்கும் கமாண்டை எத்தனை முறை வேண்டுமானாலும் அடியுங்கள். எழுதும் கமாண்டுக்கு முன், இது எந்த டிஸ்க்கில் எதை மாற்றும் என்று உங்கள் வாயால் சொல்ல முடிய வேண்டும். முடியவில்லை என்றால் என்டரைத் தொடாதீர்கள். சீனியருக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: மகள் வித்துரா ஐசரில் படிக்கிறாள். ரெய்டு 1 போட்ட டப்பா ஒன்று வாங்கித் தந்தால் தனியாக பேக்கப் தேவையில்லை என்று கடைக்காரர் சொல்கிறார்.
– ஒரு தாய், தென்காசி

பதில்: தேவை, அம்மா. ஒரு டிஸ்க்கில் அழித்தால் அடுத்ததிலும் அந்த நொடியே அழியும். 2021 டிசம்பரில் கியோட்டோ பல்கலைக்கழக சூப்பர்கம்ப்யூட்டரில் 77 டெராபைட், சுமார் 3.4 கோடி ஃபைல்கள் அழிந்துபோயின. டிஸ்க் பழுதாகவில்லை, ஓடிக்கொண்டிருந்த பேக்கப் ஸ்கிரிப்டை மாற்றியதில் வந்த பிழை. டப்பா வேண்டாம். வெளி ஹார்ட் டிஸ்க் 2 வாங்குங்கள். ஒன்று மகளிடம், ஒன்று உங்கள் வீட்டில். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

கேள்வி: பழுதான டிஸ்க்குக்குப் பதிலாக நல்லதை உருவிவிடுவோமோ என்று பயமாக இருக்கிறது. 8 ட்ரேயும் ஒரே மாதிரி இருக்கின்றன.
– சிஸ்டம் அட்மின், கோயம்புத்தூர்

பதில்: நல்ல பயம்தான். ஹார்டுவேர் கண்ட்ரோலர் என்றால் ஸ்டோர்சிஎல்ஐயில் ‘ஸ்டார்ட் லொக்கேட்’ கொடுங்கள். அந்த ட்ரேயின் விளக்கு சிமிட்டும். எம்டிஏடிஎம் என்றால் முதலில் ஃபெயில், பிறகு ரிமூவ், அதன் பிறகே கை வைக்க வேண்டும். இரண்டுக்கும் பொதுவான வழி ஒன்று உண்டு: சீரியல் நம்பரின் கடைசி 4 எழுத்தை ட்ரேயின் முகப்பில் ஒட்டிவிடுங்கள். டிஸ்க் பழுதாகும்வரை காத்திருக்காதீர்கள்.

கேள்வி: டிஸ்க் போய் 5 மாதம் ஆகியும் எங்களுக்குத் தெரியவே இல்லை. எம்டிஏடிஎம் ஏன் சொல்லவில்லை?
– ஒரு வாசகர், மார்த்தாண்டம்

பதில்: சொல்லியிருக்கும். மெயில் ரூட் கணக்குக்குப் போயிருக்கும். நீங்கள் திறந்து பார்த்திருக்க மாட்டீர்கள். எம்டிஏடிஎம் கான்ஃபிக் ஃபைலில் ‘மெயில்அட்ர்’ வரியில் நீங்கள் தினமும் பார்க்கும் முகவரியைப் போடுங்கள். மானிட்டரோடு ஸ்கேன், ஒன்ஷாட், டெஸ்ட் மூன்றையும் சேர்த்து ஓட்டினால் சோதனை மெயில் வரும். அது இன்பாக்ஸில் வந்து விழும்வரை அந்த சர்வர் வேலைக்குத் தயாரில்லை.