எறும்புக்குத் தெரிஞ்சது, எனக்கு விட்டுப்போனது



எங்க வீட்டுச் சமையல்கட்டில் சீனி டப்பாவுக்குப் பிள்ளையார் எறும்பு வரிசையாப் போகும். ஒருநாள் நடுவில் ஈரத்துணியால் ஒரு துடை துடைச்சேன். துடைச்ச இடத்துக்கு வந்ததும் எல்லாம் அப்படியே நின்னுடுச்சு! சிலது திரும்பிப் போச்சு, சிலது தடவித் தடவிப் பார்த்தது. கொஞ்ச நேரத்தில் வரிசை மறுபடி சேர்ந்தது. (அம்மா திட்டினது தனிக்கதை.)

எறும்பு நடக்கும்போது தரையில் பெரோமோன் என்ற வாசனைப் பொருளைத் தடவிக்கொண்டே போகிறது. பின்னால் வருவது அதை மோந்து வருகிறது. நான் துடைச்சது அந்த வாசனையைத்தான்.

1989-ல் பெல்ஜியம் நாட்டு விஞ்ஞானிகள் புற்றுக்கும் இரைக்கும் நடுவே இரண்டு பாதை வைத்தார்கள். ஒன்று மற்றதைப் போல் இரண்டு மடங்கு நீளம். முதலில் எறும்புகள் இரண்டிலும் போயின. குட்டைப் பாதையில் போனவை சீக்கிரம் திரும்பியதால் அதில் வாசனை வேகமாகக் கூடியது. பிறகு பெரும்பாலும் எல்லாம் அதிலேதான்! எந்த எறும்பும் ஸ்கேல் வைத்து அளக்கவில்லை.

மார்கோ டோரிகோ என்பவர் 1992-ல் இத்தாலியின் மிலான் நகரில், இதையே கம்ப்யூட்டர் புரோகிராமாக்கித் தன் முனைவர் பட்ட ஆய்வில் எழுதினார். எதுக்கு என்கிறீர்களா? நம்ம ஸ்கூல் வேன் 15 இடத்தைச் சுற்றி வரணும்னா, எத்தனை விதமாகப் போகலாம் தெரியுமா? 4,358 கோடிக்கும் மேல்! எல்லாத்தையும் ஒவ்வொன்றாகப் பார்ப்பது வீண்வேலை. கம்ப்யூட்டர் எறும்புகள் நல்ல வழி ஒன்றைச் சீக்கிரம் காட்டும். ஆனால் அதுதான் ஆகச் சிறந்தது என்று உத்தரவாதம் கிடையாது.

நானும் லேபில் பைத்தானில் எழுதிப் பார்த்தேன். முதலில் நீளப் பாதை மட்டும். கொஞ்ச நேரம் கழித்துக் குட்டைப் பாதையைத் திறந்துவிட்டேன். 200 சுற்று ஓடியும் பெரும்பாலான எறும்பு பழைய வழியிலேயே போச்சு! இரண்டு நாள் மண்டையை உடைச்சுக்கிட்டேன். கணக்கில் தப்பே இல்லை. கடைசியில் சார் வந்து பார்த்துவிட்டு, "வாசனை காய்ஞ்சு போறதை எங்கடா எழுதியிருக்கே?" என்று கேட்டார்.

எழுதவே இல்லை! சேரச் சேரப் பழைய வழியின் வாசனை மலையாகிவிட்டது, புதுசு எடுபடவில்லை. சுற்றுக்குச் சுற்று பத்தில் ஒரு பங்கு குறையட்டும் என்று ஒரே ஒரு வரி சேர்த்தேன். 100 சுற்றுக்குள் கூட்டம் குட்டைப் பாதைக்கு வந்துவிட்டது.

இதில் வேடிக்கை, பெல்ஜியம் சோதனையிலும் குட்டைப் பாதையை அரைமணி கழித்துத் திறந்தபோது நிஜ எறும்புகளே நீள வழியை விடவில்லையாம். வாசனை மெதுவாகத்தான் காய்கிறதாம். அதனால்தான் டோரிகோ தன் புரோகிராமில் அதை வேகமாகக் காயவிட்டார்.

அந்த ஒரு வரி இல்லாமலும், சேர்த்தும் ஓட்டிப் பார்க்க ஆசையிருந்தால், வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் லேபுக்கு வாங்க. மூணாவது கம்ப்யூட்டர்.

– 9-ஆம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்