ஃபிரிட்ஜ் குளிரவில்லையா?

டிசம்பர் குளிரில் குறைத்து வைத்த ஃபிரிட்ஜ் குமிழை மார்ச் வந்தும் நம் பெங்களூர் வீடுகளில் பலர் திருப்புவதில்லை. ராத்திரி உள்ளே வைத்த இட்லி மாவு காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும்; பால் காய்ச்சும்போதே திரியும். உடனே "கேஸ் போய்விட்டது" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். குமிழில் உள்ள எண் டிகிரி அல்ல. பெரும்பாலான பெட்டிகளில் எண் கூடினால் குளிரும் கூடும்.

முதலில் அளந்து பாருங்கள். ஒரு தம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரை (காய்ச்சல் பார்ப்பது உதவாது) நிறுத்தி, நடுத்தட்டில் ஓர் இரவு வையுங்கள். 5 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் இதைத் தள்ளிப்போட வேண்டாம். திறக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். கெட்டுப்போன பாலை மூக்கு சொல்லிவிடும். வீரியம் போன இன்சுலினைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்காக ஃப்ரீசரை ஒட்டியும் வைக்காதீர்கள், உறைந்தாலும் கெடும்.

அடுத்தது கதவு. ரப்பர் விளிம்பில் ஒரு காகிதத்தை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் கதவு சரியாகப் பிடிக்கவில்லை. பல சமயம் காய்ந்த மாவுதான் காரணம். சோப்பு கலந்த வெந்நீரில் துடைத்தால் போதும்.

பின்புறக் கம்பிச் சுருள் வெளியே தெரிந்தால், பிளக்கைக் கழற்றிவிட்டுத் தூசி தட்டுங்கள். சுவரோடு ஒட்டி வைத்தால் சூடு வெளியேறாது. ஃப்ரீசரில் ஐஸ் கனத்துப்போனால் அணைத்துவிட்டுத் தானாக உருக விடுங்கள். கத்தியால் குத்தினால் குழாய் ஓட்டையாகி, அப்போது கேஸ் நிஜமாகவே போய்விடும்! ஐஸ் கட்டாத வகையில் காற்று வரும் துவாரத்தைப் பாத்திரம் அடைக்கக் கூடாது. எங்கள் வீட்டில் குற்றவாளி ஒரு பெரிய சாம்பார்ச் சட்டி.

இவ்வளவும் செய்து ஒரு நாள் கழித்தும் குளிராவிட்டால் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அதுவரை இன்சுலின் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கட்டும்.