இருமுறை எழுந்த கதிரவன்

ஆத்திரேலியாவின் மேற்குக் கரையில் பெர்த் என்னும் நகரம் உள்ளது. இலங்கையின் தென் கரையில், காலி நகரை அடுத்துக் கொக்கல என்னும் ஏரி உள்ளது. இவ்விரண்டிற்கும் இடையே பரந்து கிடப்பது இந்துமாக்கடல். உலக உருண்டையின்மேல் ஒரு நூலை இவ்விரு புள்ளிகளிலும் பொருந்த இழுத்துப் பிடித்தால், அந்நூல் காட்டுவதே மிகக் குறுகிய வழியாகும். அதன் அளவு 51 பாகைக்குச் சற்றுக் குறைவு. பாகை ஒன்றுக்கு 111 கிலோமீட்டராகக் கணக்கிட்டால், தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர் என்பது விளங்கும்.

1942-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் சப்பானியர் கைப்பட்டது. ஆத்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த வான்வழி அதனால் அறுந்துபோயிற்று. அதனை மீண்டும் இணைக்கும் பொருட்டு, 1943-ஆம் ஆண்டின் நடுவில் குவாண்டாஸ் நிறுவனத்தார் காட்டலீனா என்னும் நீர்வானூர்திகளைப் பெர்த்துக்கும் கொக்கலவுக்கும் இடையே செலுத்தத் தொடங்கினர். இடையில் இறங்குதற்கு இடமில்லை. ஆகவே, ஊர்தி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 9,000 லிட்டர் எரிநெய்யைச் சுமந்து எழுந்தது. அச்சுமையினால் பயணிகள் மூவருக்கும் 69 கிலோகிராம் அஞ்சலுக்குமே இடம் இருந்தது. பகைவரை எதிர்க்க ஊர்தியில் படைக்கலம் இல்லை. பகைவர் செவிப்படும் என்று அஞ்சி வானொலியில் பேசுவதும் இல்லை. இருளில் விண்மீன்களை அளந்தே வழி கண்டனர். அவ்வூர்திகளுக்கு இட்ட பெயர்களும் விண்மீன்களின் பெயர்களே. அவற்றுள் ஆல்ட்டேர் என்பது நம்மவர் கூறும் திருவோணம், ஸ்பைக்கா, சித்திரை, அன்டாரிஸ், கேட்டை. பஞ்சாங்கத்தில் நாம் நாள்தோறும் படிக்கும் பெயர்கள் கடலின்மேல் வழிகாட்டிகளாயின!

ஊர்தியின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர் எனக் கொண்டால், பயணம் 28 மணி நேரத்தில் முடிதல் வேண்டும். ஆனால், மணிக்கு 25 கிலோமீட்டர் வேகமுள்ள எதிர்க்காற்று வீசினால் நிகழ்வது யாது? வேகம் 175 ஆகக் குறையும். பயண நேரமோ நான்கு மணி மிகும். மெய்யாகவே ஒரு பயணம் 32 மணி 9 நிமிடம் நீடித்தது. எரிநெய் குறையக் குறைய, ஊர்தியிலிருந்தோர் உள்ளம் எவ்வாறு இருந்திருக்கும்! மணிக்கு 850 கிலோமீட்டர் செல்லும் இக்காலத்து வானூர்திக்கோ அதே காற்றால் நேரும் தாமதம் பன்னிரண்டு நிமிடமே. மெல்லச் செல்வோனையே காற்று மிகுதியாக வருத்தும். 2018-ஆம் ஆண்டில் பெர்த்திலிருந்து இலண்டனுக்கு எங்கும் இறங்காமல் தொடங்கிய பயணம் ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர்; அதற்கு ஆன காலம் 17 மணியளவே.

ஒரு நாளினும் மிகுதியாக வானிலேயே இருந்தமையால், காட்டலீனாவில் சென்றோர் ஒரே பயணத்தில் கதிரவன் இருமுறை எழக் கண்டனர். அதற்குச் சான்றாகப் பயணிகளுக்கு ஓர் இதழும் அளிக்கப்பட்டது. கடிகாரத்தைக் கொண்டு பயண நேரத்தைக் கணக்கிடுவோர் ஒன்று நினைவிற் கொள்ளல் வேண்டும். பெர்த்தின் கடிகாரம் இன்று இலங்கையின் கடிகாரத்தினும் இரண்டரை மணி முந்தியது. புறப்பட்ட ஊரின் மணியையும் சேர்ந்த ஊரின் மணியையும் அவ்வாறே கழித்தால் விடை பிழைபடும்.

1945-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இப்பயணம் நிறுத்தப்பட்டது. அதற்குள் 271 முறை கடல் கடக்கப்பட்டது. ஓர் உயிரும் மாளவில்லை. அமெரிக்காவோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, போர் முடிந்தபின் அந்த ஐந்து ஊர்திகளும் ஆத்திரேலியக் கரைக்கு அப்பால் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.