6.25 மி.லி.க்கு எந்த மூடி?

கள்ளிக்குப்பம்

அன்புள்ள கண்ணு,

"மேடம், கணக்குல 6.25 மி.லி.ன்னு வருது. 6ன்னு போடவா, 6.5ன்னு போடவா?" என்று கேட்டிருந்தாய். கூடவே உன் ஹாஸ்டல் தோழி சொன்னதையும் எழுதியிருந்தாய்: ஃபார்முலாவில் போட்டு வருவதை எழுதினால் மார்க், மற்றதை வார்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று. உன் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது. அந்தப் பெண்ணின் பேச்சுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. வார்டில் என்னத்தைப் பார்த்துக்கொள்வாளாம்?

ஃபார்முலா உனக்குத் தலைகீழாகத் தெரியும், அதை விட்டுவிடுகிறேன். குழந்தை 10 கிலோ, கிலோவுக்கு 15 மி.கி. பாராசிட்டமால், ஆக 150 மி.கி. பாட்டிலில் 5 மி.லி.க்கு 120 மி.கி. விடை 6.25 மி.லி. விடைத்தாளில் அப்படியே எழுது. வார்டில் சிரப்போடு வரும் மூடியைப் பார், 2.5, 5, 10 என்றுதான் கோடு இருக்கும். 6 மி.லி. கொடுத்தால் 144 மி.கி. போகும், கிலோவுக்கு 14.4. பாராசிட்டமாலுக்கு ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரை இடம் இருப்பதால் அது சரி. 6.5 என்றால் 15.6 ஆகி வரம்பைத் தாண்டுகிறது. ஆபத்து வந்துவிடாதுதான், ஆனால் எதற்காகத் தாண்ட வேண்டும்? எழுதிய டாக்டரிடம் கேட்டுவிட்டு 6 மி.லி.யைச் சிரிஞ்சில் எடு, மூடியில் அல்ல. வாய்வழி மருந்துக்கென்றே தனிச் சிரிஞ்ச் இருந்தால் அதைத்தான் எடுக்க வேண்டும். சாதாரண சிரிஞ்சில் எடுத்த சிரப்பை ட்ரேயில் வைத்துவிட்டு நகர்ந்தால், அடுத்து வருபவர் அதை நரம்பில் ஏற்றிவிட வாய்ப்பு உண்டு. உலகத்தில் நடந்திருக்கிறது.

இந்தத் தாராளம் எல்லா மருந்துக்கும் கிடையாது. இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்சினில் குழந்தைக்கான திரவம் 1 மி.லி.க்கு 0.05 மி.கி.தான். அங்கே 0.64 மி.லி. வந்தால் 'ஒன்று என்று வைத்துக்கொள்வோம்' என்று யாராவது சொன்னால் அவர் கையிலிருந்து பாட்டிலை வாங்கிவிடு. நம் சித்த வைத்தியர்கள் இந்த வித்தியாசத்தை நன்றாக அறிந்திருந்தார்கள். ஓய்வுக்குப் பிறகு அந்த நூல்களைப் புரட்டும் பழக்கம் வந்துவிட்டது, பொறுத்துக்கொள். சூரணம் என்றால் திரிகடி, அதாவது மூன்று விரலால் எடுக்கும் அளவு. ஆள் கையைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும், குறையும், பரவாயில்லை. பற்பம், செந்தூரம் என்று வந்தால் விரல் பேச்சே இல்லை. அரிசி எடை, குன்றி எடைதான். குன்றிமணி ஏறக்குறைய 130 மி.கி., பணவெடை 488 மி.கி. என்று இன்றைய அட்டவணைகள் தருகின்றன. பாலாடையும் அந்தப் பட்டியலில் 30 மி.லி. என்று நிற்கிறது. வீரியமான மருந்துக்குத் தராசு, சாதுவான மருந்துக்கு விரல். கால்குலேட்டரைத் தட்டும் முன் நீயும் கேட்க வேண்டியது அதுதான்: இந்த மருந்து எந்த வகை?

இப்போது என் பழைய புலம்பலுக்கு வருகிறேன். மருந்தளவுத் தவறு என்றாலே வகுத்தலில் தவறு என்று நினைத்துப் பாடம் நடத்துகிறோம். நான் பார்த்தவரை கணக்கு பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். கெடுப்பது பாட்டில், இல்லையென்றால் அளக்கும் பாத்திரம்.

நம் ஊரையே எடுத்துக்கொள். அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டுக்குப் போய்விடுவாள். குழந்தைக்கு மருந்து கொடுப்பது ஆயா. கேட்டால் "அஞ்சு எம்.எல். குடுத்தேன்" என்பார். 5 மி.லி. என்பது மருந்தளவே இல்லை, கண்ணு! பாராசிட்டமால் 5 மி.லி.க்கு 120 மி.கி. என்றும் வருகிறது, 250 என்றும் வருகிறது. சொட்டு மருந்தில் ஒரே ஒரு மி.லி.யில் 100 மி.கி. இருக்கிறது. 8 கிலோ குழந்தைக்கு 120 மி.கி. வேண்டும் என்று வை. முதல் பாட்டிலில் 5 மி.லி., இரண்டாவதில் 2.4, சொட்டு மருந்தில் 1.2. அந்த ஆயா போன மாதத்து சிரப் நினைவில் சொட்டு மருந்தையும் 5 மி.லி. ஊற்றினால் 500 மி.கி. போய்விடும், கிலோவுக்கு 62.5. நாள் முழுவதற்கும் பொதுவாக வைக்கும் 60 மி.கி. வரம்பு ஒரே வேளையில் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் இந்தக் குழப்பத்துக்காகவே 2011இல் கம்பெனிகள் குழந்தைகளுக்கான செறிவான சொட்டு மருந்தைக் கைவிட்டு, 5 மி.லி.க்கு 160 மி.கி. என்ற ஒரே அளவுக்கு வந்தன. இங்கே ரெட்ஹில்ஸ் ரோட்டு மெடிக்கல் ஷாப்பில் மூன்றும் ஒரே தட்டில் தோளோடு தோள் நிற்கின்றன.

பாத்திரத்துக்கு அசாம்தான் நான் வருடா வருடம் சொன்ன கதை. கேட்டு அலுத்த பழைய மாணவிகள் உண்டு, நீ கேட்டதில்லை. வைட்டமின் ஏ திரவம் நம் அங்கன்வாடியில் கொடுப்பதுதான்: 1 மி.லி.யில் 1 லட்சம் யூனிட். 9 மாதத்தில் 1 மி.லி., அப்புறம் ஐந்து வயது வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை 2 மி.லி. அதற்கென்றே 1, 2 குறித்த கரண்டி உண்டு. 2001 நவம்பரில் அசாமில் லட்சக்கணக்கான குழந்தைகளுக்கு ஒரே வீச்சில் கொடுத்தபோது, பழகிய கரண்டிக்குப் பதிலாக 5 மி.லி. கொள்ளும் சிறு கோப்பை வந்தது. நிறையக் குழந்தைகள் நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள். இறப்புக்கு மருந்துதான் காரணமா என்று பெரிய சர்ச்சை நடந்தது, அதற்குள் நான் போகவில்லை. எனக்கு அந்தக் கோப்பை போதும். கூட்டம் நெருக்கும் முகாமில், 2 மி.லி. கோடு வரை மட்டும் ஊற்று என்று 5 மி.லி. கோப்பையைக் கையில் கொடுப்பதே தவறு. நிறைய ஊற்றினால் 5 லட்சம் யூனிட். அங்கே வகுக்கவும் பெருக்கவும் ஒன்றுமே இல்லை, பார். இரும்புச்சத்து சிரப்பில் ஒரு அழுத்துக்கு 1 மி.லி. மட்டும் வரும் மூடி வைத்தவருக்கு இது புரிந்திருக்கிறது. ஒரு அழுத்தில் 20 மி.கி. இரும்புக்கு மேல் வர வழியில்லை.

ஆகவே டிஸ்சார்ஜ் சமயத்தில் "புரிஞ்சுதா?" என்று கேட்காதே. எல்லோரும் தலையாட்டுவார்கள். அந்த ஆயாவை அவர் வீட்டில் வைத்திருக்கும் பாட்டிலையே கொண்டுவரச் சொல்லி, ஊற்றிக் காட்டச் சொல். சமையலறைக் கரண்டியை எடுத்தால் பிடுங்கி வைத்துவிட்டுச் சிரிஞ்சைக் கொடு. பவுடராக வரும் அமாக்சிசிலின் என்றால், ஆறவைத்த தண்ணீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியதும் மட்டம் இறங்கியிருந்தால் மறுபடி கோடு வரை ஊற்ற வேண்டும். குறைவாக ஊற்றினால் ஒவ்வொரு 5 மி.லி.யிலும் லேபிளில் போட்ட 125 மி.கி.க்கு மேல் இருக்கும். உன் கணக்கு எவ்வளவு அழகாக இருந்தும் பயனில்லை.

பேனா பிடிக்கும்போது: 0.5இல் முன் பூஜ்யத்தை விடாதே, 5க்குப் பின் புள்ளியும் பூஜ்யமும் போடாதே. இதற்குக் காரணம் சொல்லமாட்டேன்; உனக்கே தெரிய வேண்டும்.

ஒரு கணக்கு தருகிறேன். வயிற்றுப்போக்கு வந்த 4 மாதக் குழந்தை. தினம் 10 மி.கி. ஜிங்க், 14 நாள். கையில் இருப்பது 20 மி.கி. கரையும் மாத்திரை. எத்தனை மாத்திரை வேண்டும், அன்றன்று மிஞ்சும் பாதியை எங்கே, எப்படி வைக்கச் சொல்வாய், அம்மா வேலைக்குப் போன நாளில் அதை யார் எதில் கரைத்துக் கொடுப்பார்கள்? மூன்றுக்கும் விடை எழுது. முதலாவதுக்கு மட்டும் எழுதினால் திருத்தமாட்டேன்.

அன்புடன்,
உன் பழைய டியூட்டர்